மிலாற்றுப் புகையும் விழுங்கிக் கலங்களும்

நுரையீரல் புற்றுநோய் என்றதும் சிகரெட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் கருகிய நுரையீரல்தான் நினைவுக்கு வருகிறது. அதில் பிழையில்லை. இந்நோய்க்கு உலகெங்கும் முதற்காரணம் புகையிலைதான். ஆனால் நோயாளிகளில் 10 முதல் 25 சதவீதம் வரையானோர் வாழ்நாளில் சிகரெட்டோ பீடியோ சுருட்டோ தொடாதவர்கள். ஆசியாவில், அதிலும் பெண்களிடையே, இந்தப் பங்கு இன்னும் பெரிது. "ஒரு கெட்ட பழக்கமும் இல்லாதவளுக்கு எப்படி வந்தது?" என்று வீட்டார் கேட்கும்போது, அண்மைக்காலம் வரை மருத்துவத்திடம் தெளிவான பதில் இருக்கவில்லை. எங்கோ ஒரு கலத்தில் மரபணு பிழைபட்டுவிட்டது என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். அந்தப் பதில் பாதிதான் சரி. பிழைபட்ட கலம் ஒன்று இருப்பதாலேயே புற்று வளர்ந்துவிடுவதில்லை. அதைச் சுற்றி நிற்பவை, நம்மைக் காப்பதற்கென்றே பிறவியிலிருந்து அமைந்த நிர்ப்பீடனக் கலங்கள். அவை புகைக்குக் கொடுக்கும் பதில்தான் அந்தக் கலம் அடங்கிக் கிடக்குமா, பெருகுமா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்று கடந்த பத்தாண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. இது உண்மையானால் சிகரெட்டுக்கு வெளியே இருக்கும் புகைகளையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். கண்டிப் பக்கத்துக் கலஹாவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயக் குசினியில் விறகாக எரியும் மிலாறும் அந்தக் கணக்குக்குள் வருகிறது.

பேராதனையிலிருந்து ஹிந்தகல வழியாக மேலே ஏறினால் கலஹா. அதற்கும் அப்பால் தெல்தோட்டை, லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டு, இலங்கைத் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்தது அந்த லூல்கந்துரத் தோட்டத்தில்தான். தேயிலை வந்த நாளிலிருந்து, செடியை வெட்டிவிடும் கவ்வாத்தும் உண்டு. கவ்வாத்து உண்டென்றால் மிலாறும் உண்டு. வெட்டிப்போட்ட கிளைகளைக் கட்டிச் சுமந்து வந்து அடுக்கி வைத்து எரிப்பது தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. விடியுமுன்னே, காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போவதற்கு முன் அடுப்பு பற்றவைக்கப்படும். மலைக் குளிருக்குக் கதவு சாத்தியிருக்கும். மழைக்காலத்து மிலாறு சரியாகக் காய்ந்திருக்காது; எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். தகரக் கூரையின் உட்புறத்தில் திரண்டு நிற்கும் கரி, அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே. உடலுக்குள் ஆழமாகப் போவது கண்ணுக்குத் தெரியாத பகுதி: 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துகள்கள். தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு அவை. மூக்கின் மயிரும் மூச்சுக்குழாயின் சளியும் பெரிய தூசியைப் பிடித்துவிடும். இந்த நுண்துகள்களில் பலவற்றை அவற்றால் பிடிக்க முடியாது. நேரே சிற்றறைகளுக்குப் போய்விடுகின்றன.

சிற்றறை என்பது நுரையீரலின் கடைசி எல்லை. கோடிக்கணக்கான அந்த நுண்ணிய காற்றுப் பைகளில்தான் ஒட்சிசன் குருதிக்குள் இறங்குகிறது. அங்கே காவல் இருப்பவை மக்ரோபேஜ் எனப்படும் பெருவிழுங்கிக் கலங்கள். கருவில் இருக்கும்போதே முன்னோடிக் கலங்களாக நுரையீரலுக்கு வந்து, பிறந்தவுடன் அங்கேயே நிலைகொண்டு, தாமாகவே பெருகி வாழ்நாள் முழுதும் தம்மைப் புதுப்பித்துக்கொள்பவை. விழுங்குவதே இவற்றின் தொழில். 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் இலியா மெச்னிகோவ் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம்புழுவுக்குள் ரோஜா முள்ளைச் செருகி, அதைச் சுற்றி அலையும் கலங்கள் கூடுவதைக் கண்டபோது, இந்த விழுங்கும் தொழில் உலகுக்குத் தெரிய வந்தது. 1908இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பக்டீரியாவை விழுங்கினால் மக்ரோபேஜ் அதைச் செரித்துவிடும். ஆனால் கரித்துகளைச் செரிக்க அதற்கு வழியில்லை. ஆபிரிக்காவின் மலாவியில், விறகடுப்புப் புகையில் வாழ்பவர்களின் நுரையீரலைக் கழுவி எடுத்த மக்ரோபேஜ்களை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார்கள். வெளிறிய கலத்தின் உள்ளே கறுப்புப் புள்ளிகளாகத் துகள்கள் அடைந்து கிடந்தன. வீட்டுப் புகைக்கு அதிகம் உட்பட்டவர்களிடம் அந்தச் சுமை அதிகமாகவே இருந்தது. 2009இல் வெளியான அந்த ஆய்வு புற்றுநோயைப் பற்றியதல்ல. விறகுப் புகை கடைசியில் போய்ச் சேருவது எந்தக் கலத்தில் என்பதை மட்டும் அது கையில் எடுத்துக் காட்டுகிறது.

செரிக்க முடியாததை விழுங்கிய மக்ரோபேஜ் சும்மா இருப்பதில்லை. இன்டர்லியூக்கின்-1 பீட்டா என்னும் புரதத்தைச் சுரந்து அபாய அறிவிப்புக் கொடுக்கிறது. குருதியிலிருந்து மேலும் வெண்கலங்கள் வந்து குவிகின்றன, அழற்சி உண்டாகிறது. கூடவே, "இங்கே காயம்பட்டிருக்கிறது, ஆற்ற வேண்டும்" என்ற செய்தி சிற்றறையின் சுவர்க் கலங்களுக்கும் போகிறது. அவற்றில் இரண்டாம் வகைக் கலங்கள் என்று ஒரு பிரிவு உண்டு. சாதாரண நாளில் சிற்றறை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும் வழவழப்புப் பொருளைச் சுரப்பதும், காயம் பட்டால் மீண்டும் இளங்கலம் போல மாறிப் பெருகிச் சுவரைப் புதுப்பிப்பதும் அவற்றின் வேலை. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியில் அதுவரை அடங்கிக் கிடந்த மொட்டுகள் வெட்டுப்பட்டதாலேயே விழித்துத் தளிர்விடுவதைப் போன்றது இது. வெட்டியவர் எந்த மொட்டு எழ வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதில்லை. விழித்த கலங்களில் ஒன்று ஏற்கெனவே மரபணு பிழைபட்டதாக இருந்துவிட்டால், ஆற்றுவதற்கென்று கொடுத்த உத்தரவு அதற்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இந்த எண்ணம் புதிதல்ல. கட்டிகளுக்குள் வெண்கலங்கள் நிறைந்திருப்பதை 1863இலேயே ருடோல்ஃப் ஃபிர்கோ கவனித்து, நாட்பட்ட அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்பிருக்கலாம் என்றார். 1940களில் ஐசக் பெரன்பிளம் எலிகளின் தோலில் செய்த சோதனைகள் இதற்கு உருவம் கொடுத்தன. புற்றுக்காரணியான ஒரு பொருளைக் கட்டி உண்டாகாத அளவுக்குச் சிறிதாகப் பூசினார். பிறகு நேர்வாள எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவினார். சித்த வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று எச்சரிக்கும் அதே நேர்வாளம்தான். அது தனியே புற்றை உண்டாக்கவில்லை. தோலைப் புண்ணாக்கியது, அவ்வளவே. ஆனால் முதலில் அந்தச் சிறிதளவு பூச்சைப் பெற்ற தோலில் கட்டிகள் எழுந்தன. முதலாவது தொடக்கி, இரண்டாவது தூண்டி என்று பிரித்தார்கள். பிறகு டி.என்.ஏ. ஆராய்ச்சி ஓங்கிய காலத்தில் தொடக்கிக்கே எல்லாப் புகழும் போனது. தூண்டியைப் பாடநூலின் ஒரு பக்கத்துக்குள் மூடிவைத்துவிட்டார்கள். புற்றுக்காரணி என்றால் மரபணுவைக் கெடுப்பது என்றே பொருள் கொள்ளப்பட்டது. 2020இல் எலிகளில் 20 புற்றுக்காரணிகளைச் சோதித்துக் கட்டிகளின் மரபணுவை முழுதாக வாசித்தபோது, அவற்றில் பெரும்பாலானவை தமக்கெனத் தனித்த விகாரத் தடம், அதாவது மரபணுப் பிழையின் தடம், எதையும் விட்டுச்செல்லவில்லை என்று தெரிந்தது. அப்படியானால் அவை என்னதான் செய்தன?

பதில் 2023 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வந்தது. லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் சார்ல்ஸ் ஸ்வான்டன் தலைமையிலான குழு, இங்கிலாந்து, தென்கொரியா, தாய்வான் நாடுகளின் 32,957 நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்தது. எல்லாரும் இ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் விகாரம் கொண்ட நுரையீரல் புற்றுக்காரர்கள். புகைக்காதவர்களிடமும் ஆசியர்களிடமும் அதிகம் காணப்படும் வகை இது. காற்றில் நுண்துகள் கூடிய பகுதிகளில் இந்தப் புற்றும் கூடியிருந்தது. கனடாவில் புகைக்காத பெண்களிடையே மூன்று ஆண்டுகள் அதிக மாசில் வாழ்ந்ததே வேறுபாட்டைக் காட்டப் போதுமாக இருந்தது. ஆனால் தொடர்பு என்பது காரணமாகிவிடாது. ஆகவே அவர்கள் எலிகளுக்குப் போனார்கள். இ.ஜி.எஃப்.ஆர். விகாரம் ஏற்றப்பட்ட எலிகளின் மூச்சுக்குழாய்க்குள் துகள்களைச் செலுத்தினார்கள், கட்டிகள் கூடின. அந்தக் கட்டிகளின் டி.என்.ஏ.வில் புதிய விகாரங்கள் கூடியிருக்கவில்லை. கூடியிருந்தவை மக்ரோபேஜ்களும் அவை சுரந்த இன்டர்லியூக்கின்-1 பீட்டாவும்தான். அந்தப் புரதத்தை மறிக்கும் எதிருடலைத் துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது கட்டி குறைந்தது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதே ஆய்வின் இன்னொரு பகுதி. 295 பேரின் புற்றில்லாத நுரையீரல் திசுவைச் சல்லடை போட்டுத் தேடியதில், 18 சதவீத மாதிரிகளில் இ.ஜி.எஃப்.ஆர். விகாரமும் 53 சதவீத மாதிரிகளில் கே-ராஸ் என்னும் இன்னொரு மரபணுவின் விகாரமும் இருந்தன. நம்மில் பலர் பிழைபட்ட கலங்களோடுதான் நடமாடுகிறோம். வயதாக வயதாக அவை சேரும், தடுக்க வழியில்லை. அவற்றில் மிக மிகச் சிலவே புற்றாகின்றன. வேறுபாட்டை ஏற்படுத்துவது வேறு ஏதோ என்றுதான் இதற்குப் பொருள்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும்: காற்றுமாசு மரபணுவைத் தொடவே இல்லை என்கிறீர்களா? அப்படிச் சொல்லவில்லை. 2025 ஜூலையில் அதே 'நேச்சர்' இதழில், நான்கு கண்டங்களைச் சேர்ந்த 871 புகைக்காத நோயாளிகளின் கட்டிகளை முழுதாக வாசித்த ஆய்வு வெளியானது. மாசு கூடிய பகுதிகளில் வாழ்ந்தவர்களின் கட்டிகளில் விகாரங்களும் கூடியே இருந்தன. மாசு தூண்டி மட்டுமே என்று யாராவது வாதிட்டால் இந்த ஆய்வு அதைத் தகர்க்கிறது. ஆனால் நிர்ப்பீடனக் கலங்களின் பங்கை இது தகர்க்கவில்லை. ஒரே புகை இரண்டு வேலையையும் செய்யலாம். புகையிலையும் அப்படித்தான் செய்கிறது. எலி ஆய்வு சொல்வது, புதிய விகாரம் இல்லாமலும் தூண்டல் மட்டுமே போதும் என்பதை. மனிதக் கட்டி ஆய்வு சொல்வது, நாட்பட்ட மாசில் விகாரமும் சேர்ந்துகொள்கிறது என்பதை. இரண்டையும் சேர்த்து வாசித்தால் புகையின் குற்றம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

எலியில் நடப்பது மனிதனில் நடக்குமா என்பது அடுத்த கேள்வி, நியாயமானதும்கூட. இங்கே தற்செயலாகக் கிடைத்த ஒரு சான்று இருக்கிறது. கான்டோஸ் என்ற மருந்துச் சோதனையில், மாரடைப்பு வந்து பிழைத்த, குருதியில் அழற்சி அடையாளம் கூடியிருந்த 10,061 பேருக்கு, இன்டர்லியூக்கின்-1 பீட்டாவை மறிக்கும் கனாகினுமாப் என்ற ஊசியோ வெறும் ஊசியோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்பட்டது. நோக்கம் இதயம். 2017இல் முடிவுகளைப் பார்த்தபோது, மிகக் கூடிய அளவு மருந்து பெற்றவர்களிடம் புதிதாக நுரையீரல் புற்று வருவது 67 சதவீதமும், அதனால் இறப்பது 77 சதவீதமும் குறைந்திருந்தது. மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. உடனே அதே மருந்தை, ஏற்கெனவே நுரையீரல் புற்று உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கானோபி என்ற பெயரில் மூன்று பெரிய சோதனைகள் நடந்தன, மூன்றும் தோற்றன. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கொடுத்தும் பயனில்லை, முற்றிய நோயில் கொடுத்தும் பயனில்லை.

பலர் இத்தோடு இந்தக் கோட்பாட்டையே கைகழுவிவிட்டார்கள். அது அவசரம். தோல்விக்குக் காரணம் காலகட்டம் என்பதற்குச் சுயாதீனமான ஆதாரம் உண்டு. நியூயோர்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் மிரியம் மெராட் குழு 2021இல் காட்டியது இதுதான்: கட்டி முளைக்கும் தொடக்க நாட்களில் நுரையீரலிலேயே குடியிருக்கும் மக்ரோபேஜ்கள் அதை ஒட்டிக் கூடுகின்றன, புற்றுக் கலங்கள் ஊடுருவும் தன்மை பெற உதவுகின்றன, தாக்க வரும் டி-கலங்களை அடக்கும் கலங்களையும் பெருகச் செய்கின்றன. கட்டி வளர்ந்தபின் இந்தக் குடியிருப்பாளர்கள் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். குருதியிலிருந்து வந்த வேறு மக்ரோபேஜ்கள் உள்ளே நிறைகின்றன. தொடக்கத்தில் இயங்கும் ஏற்பாடு வேறு, முற்றிய கட்டியில் இயங்கும் ஏற்பாடு வேறு. ஆகவே முதலாவதை மறிக்கும் மருந்து இரண்டாவதிடம் தோற்றதில் வியப்பில்லை. கான்டோஸில் மருந்து பெற்றவர்களில் பலருக்குக் கண்டறியப்படாத சிறு கட்டிகள் இருந்திருக்கக்கூடும் என்று அந்த ஆய்வாளர்களே கருதினர். இது சரியென்றால், நிர்ப்பீடனக் கலங்களின் கை ஓங்கியிருப்பது கட்டி படத்தில் தெரிவதற்கு முந்திய வருடங்களில். சிகிச்சையைவிடத் தடுப்புக்கே இதில் இடம் அதிகம்.

மக்ரோபேஜ் மட்டும் இந்தக் கதையில் இல்லை. குருதியில் அதிகமாக ஓடும் வெண்கலமான நியூட்ரோபில், கிருமியைச் சிக்கவைக்கத் தன் டி.என்.ஏ.வையே வெளியே கொட்டி வலையாக விரிக்கும். 2018இல் வெளியான எலி ஆய்வொன்றில், சிகரெட் புகையால் நுரையீரலில் விரிந்த இந்த வலைகள், அங்கே உறங்கிக் கிடந்த மார்பகப் புற்றுக் கலங்களை எழுப்பிப் பெருகவைத்தன. வலையில் ஒட்டியிருந்த நொதிகள் கலங்களைச் சூழ்ந்த புரதச் சட்டத்தை வெட்டியதால் வந்த வினை அது. இன்னொரு புறம், பிறழ்ந்த கலத்தைக் கண்டதும் கொல்லும் இயற்கைக் கொல்லிக் கலங்கள் முதல் நிலை நுரையீரல் கட்டிகளிலேயே அருகிப்போயிருப்பதை 2017இல் கண்டார்கள்.

அப்படியானால் நிர்ப்பீடனம்தான் எதிரியா என்று கேட்கத் தோன்றும். அதுவும் தவறான முடிவு. ஆரம்பநிலை மனித நுரையீரல் கட்டிகளிலிருந்து எடுத்த நியூட்ரோபில்கள், புற்றைத் தாக்கும் டி-கலங்களை ஊக்குவித்ததாகவே 2014 ஆய்வு ஒன்று காட்டுகிறது. கான்டோஸில் மருந்து பெற்றவர்களிடம் உயிர்கொல்லும் தொற்றுகள் கூடின. மொத்த இறப்புக் கணக்கில் மருந்துக்கும் வெறும் ஊசிக்கும் வேறுபாடு இருக்கவில்லை. அழற்சியை அடக்கினால் கிருமி வாசலுக்கு வந்துவிடும். ஒரே கலம் சூழலைப் பார்த்து நடந்துகொள்கிறது: கிருமி வந்தால் காப்பாற்றும், நாள்தோறும் செரியாத கரி வந்தால் ஓயாத காய ஆற்றலில் மாட்டிக்கொள்ளும். கொவிட் காலத்துக்குப் பிறகு கடைதோறும் "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" தூள்களும் பானங்களும் விற்கிறார்களே, அந்தப் பேச்சின் அடிப்படையே ஆட்டம் காண்பது இங்கேதான். எதைக் கூட்டுவது? கூடிய நிலையில் இருப்பதுதான் இங்கே நோய். மருந்தால் இதைக் குறைப்பதும் கூட்டுவதும் இன்னும் சிக்கலாக இருக்கையில், கலத்தைத் தூண்டும் பொருளையே உள்ளே விடாமல் பார்ப்பதுதான் இப்போதைக்குப் பின்விளைவில்லாத வழி.

மேலே சொன்ன காற்றுமாசுச் சான்றுகள் வீதி வாகனங்களும் தொழிற்சாலைகளும் சேர்ந்த வெளிக்காற்றைப் பற்றியவை, விறகைப் பற்றியவை அல்ல என்ற கடைசி மறுப்பையும் பார்க்க வேண்டும். உண்மைதான். வெளிக்காற்று மாசை சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2013இல் உறுதியான புற்றுக்காரணிகளின் வரிசையில் வைத்தது. வீட்டில் எரியும் நிலக்கரிப் புகை அதற்கு முன்பிருந்தே அந்த வரிசையில் இருக்கிறது. விறகுப் புகை அதற்கு ஒரு படி கீழே, "பெரும்பாலும் புற்றுக்காரணி" என்ற வரிசையில். மலைக் கிண்ணத்துக்குள் அடைபட்ட கண்டி நகரின் வாகனப் புகையைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வருடமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். கலஹாவின் நிலை வேறு; அங்கே வெளிக்காற்று நல்ல காற்று. பிரச்சினை குசினிக்குள்ளே இருக்கும் காற்று. மக்ரோபேஜுக்குத் துகளின் ஊர் பெயர் தெரியாது. செரிக்க முடியாத கரி என்ற அளவில் வாகனப் புகையும் விறகுப் புகையும் ஒன்றே. மலாவியின் கறுப்புப் புள்ளிகள் அதற்குச் சாட்சி. ஒரு படி கீழே என்பது ஆதாரத்தின் அளவைச் சொல்கிறது. ஆபத்து இல்லை என்று அதற்குப் பொருளில்லை.

புகையை வெளியேற்றினால் என்ன நடக்கும் என்பதற்குச் சீனாவின் ஷுவான்வெய் மாவட்டம் விடை தருகிறது. அங்கே புகை மிகுந்த நிலக்கரியைத் திறந்த குழியில் எரித்துச் சமைத்து வந்தார்கள். புகைக்காத பெண்களிடையே நுரையீரல் புற்று தலைவிரித்தாடிய ஊர். பல வீடுகள் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறின. 2002இல் வெளியான கணக்கின்படி, மாறிய வீடுகளில் நோய் ஆண்களில் 41 சதவீதமும் பெண்களில் 46 சதவீதமும் குறைந்திருந்தது. மாறிப் பத்து வருடமளவில் அந்தப் பலன் ஐயமின்றித் தெரிந்தது. எரிபொருள் மாறவில்லை, மரபணு மாறவில்லை. புகை போகும் வழிதான் மாறியது. நிலக்கரி விறகைவிடக் கொடியது என்பதால் அதே எண்ணிக்கையை இங்கே எதிர்பார்க்க முடியாது. திசை மட்டும் தெளிவு.

நம் நாட்டில் 1980களிலிருந்து பரவிய அனகி மண்ணடுப்பு விறகை மிச்சப்படுத்தியது, புகையையும் ஓரளவு குறைத்தது. ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது. எஞ்சிய புகை அறைக்குள்ளேதான் சுற்றுகிறது. எரிவாயு வந்தால் தீரும் என்றிருந்த நம்பிக்கையை 2022 உடைத்துப்போட்டது. சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற நகரத்தாரே விறகுக்குத் திரும்பினார்கள். தோட்டத்தில் அடுப்பு மாறவே இல்லை. ஆகவே இன்னும் நீண்ட காலம் மிலாறு எரியப்போகிறது என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு கட்டும் வேலை நடக்கிறது. இந்திய உதவியில் 4,000 வீடுகள், பிறகு 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 என்று அது நீள்கிறது. அந்த வரைபடங்களில் குசினிக்கு எத்தனை சதுர அடி என்று பேசுகிறவர்கள், அடுப்புக்கு நேர்மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் ஒரு குழாயைப் பற்றியும் பேச வேண்டும். லயத்திலேயே இருக்கப்போகிறவர்களுக்கும் அந்தக் குழாயைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கலாம்; சீமெந்தும் தகரமும் கொண்டு இரண்டு நாளில் முடிகிற வேலை அது. வைத்தியசாலைகளின் நெஞ்சுநோய்ப் பிரிவில், நாட்பட்ட இருமலோடு வரும் தோட்டப் பெண்ணிடம் சிகரெட் பழக்கம் உண்டா என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளாமல், எத்தனை வயதிலிருந்து அடுப்பு மூட்டுகிறார், எந்த விறகு, குசினிக்குப் புகைபோக்கி உண்டா என்பதையும் கேட்டு நோய்க் குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். அதற்குப் புதிய கருவியும் வேண்டாம், பணமும் வேண்டாம்.